வெளியே தெரியாத சிபி ஆன்டெனா: கேட்டவர்களுக்குச் சொன்னது

வீட்டில் வைக்கும் சிபி ரேடியோவுக்கு (பொதுமக்கள் 27 மெகாஹெர்ட்ஸில் ஒருவரோடொருவர் பேசும் ரேடியோ), கண்ணை உறுத்தாத ஆன்டெனா எது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்த வரை சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று, இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: மின்கம்பி போகிற பக்கம் எதையும் தூக்கி நிறுத்தாதீர்கள். கம்பமும் ஆன்டெனாவும் சேர்ந்து எந்தத் திசையில் சாய்ந்தாலும் மின்கம்பியை எட்டக்கூடாது, அதற்கு மேலும் கொஞ்சம் இடைவெளி வேண்டும்.

ஓட்டு வீடு: சார், எங்கள் வீடு ஓட்டுக்கூரை. பரணுக்குள்ளேயே கட்டிவிட்டால் வேலை செய்யுமா? வெளியே ஒரு கம்பிகூடத் தெரியக்கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

செய்யும். மண் ஓட்டுக்குள் 27 மெகாஹெர்ட்ஸ் பெரிய தடையில்லாமல் போகும். ஆனால் ஓட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் இந்த யோசனையை இங்கேயே விட்டுவிடலாம். இல்லையென்றால் சாதாரண ஒயர் டைபோல் (நடுவில் கேபிள் சேர, இரண்டு பக்கமும் சம நீளத்தில் போகும் ஒயர்) போதும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 27.185-க்கு 5.26 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 2.63. வெட்டும்போது 2.75 வைத்து வெட்டுங்கள், பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவாக, மீட்டரில் திரும்பி வரும் சக்தி குறையும் வரை இரண்டிரண்டு சென்டிமீட்டராகக் குறைத்து வாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் என்றால் கணக்கை விடக் கொஞ்சம் குட்டையாகவே முடியும்.

பரணில் ஐந்து மீட்டர் உயரம் எங்கே இருக்கும் என்று கேட்பீர்கள். தேவையில்லை. டைபோலில் மின்னோட்டம் அதிகம் ஓடுவது நடுவில்தான், அலையை வீசுவதும் பெரும்பாலும் அந்தப் பகுதிதான். அதனால் நடுப்பகுதியை நேராகத் தொங்கவிட்டு, மிச்சத்தை மேலே கூரைச் சட்டத்தோடும் கீழே தளத்தோடும் மடக்கிவிடுங்கள். வீட்டு ஒயரிங்கிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகுங்கள். மழையில் ஓடு ஊறினால் ட்யூன் கொஞ்சம் நகரும், பதற வேண்டாம்.

தகரம்: எனக்குத் தகரக்கூரை. நானும் உள்ளே கட்டலாமா அண்ணா?

கூடாது. டப்பாவுக்குள் உட்கார்ந்து கத்துகிற கதைதான். ஆனால் அந்தத் தகரத்தின் மேலே கால் அலை நீளத்துக்கு, சுமார் 2.6 மீட்டர், ஒரே ஒரு மெல்லிய கம்பி நிறுத்த முடிந்தால் உங்களை அடிக்க ஆளில்லை. கூரையே அருமையான கிரவுண்ட் பிளேன், அதாவது ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்யும் உலோகப் பரப்பு.

மூன்றாம் மாடி: பால்கனி மட்டும்தான் இருக்கிறது. காரில் வைக்கிற காந்த ஆன்டெனாவைக் கைப்பிடிக் கம்பியில் ஒட்டினால்?

அந்த ஆன்டெனாவுக்குக் காரின் கூரைதான் மறுபாதி. கம்பியில் காந்தத்தை ஒட்டினால் மறுபாதி பெயருக்கு மட்டும் இருக்கும். கிளாம்ப் வைத்து, பெயின்ட்டைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் தொட இறுக்குங்கள். பூமராங் என்று ஒரு வகை உண்டு, ஒரு கை மேலே, ஒரு கை படுக்கையாக, பால்கனிக்கென்றே செய்தது. எதுவானாலும் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கான்கிரீட் பக்கம் அலை போய்ச் சேராது. அறுபது சென்டிமீட்டர் குட்டை ஆன்டெனா வாங்கி ஏமாறாதீர்கள்.

குழாய்: மழைநீர்க் குழாய்க்குள் ஒளித்து வைக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

இதைக் கேட்டதற்கு நன்றி, என் வீட்டில் இருப்பதே அதுதான். தண்ணீர் போகாத ஒரு பிவிசி குழாயைச் சுவர் மூலையில் மற்றக் குழாய்களோடு சேர்த்து நிறுத்தி, அதே நிறம் அடித்துவிட்டேன் (உலோகத்தூள் கலந்த வெள்ளிப் பெயின்ட் மட்டும் வேண்டாம்). உள்ளே இருப்பது கீழிருந்து கேபிள் போகிற டைபோல். கோஆக்ஸ் கேபிளின் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோகப் பின்னல்) நடுக்கம்பியோடு 2.6 மீட்டர் ஒயரைச் சேர்த்து மேலே விடுகிறோம், அதுதான் மேல்பாதி. கீழ்ப்பாதி அந்தக் கேபிளின் வெளிப்பின்னலேதான். அங்கிருந்து 2.6 மீட்டர் கீழே வந்ததும் ஃபெரைட் வளையத்தில் கேபிளை எட்டு ஒன்பது சுற்றுச் சுற்றிவிட்டால் ஆன்டெனா அங்கே முடிகிறது. அந்தச் சுற்றைத்தான் சோக் என்கிறோம். 31 என்ற எண் போட்ட ஃபெரைட் வாங்குங்கள்.

இதில் பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. கேபிளின் வேகக் காரணி (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் அலை போகும் வேகம்) 0.66 என்று படித்துவிட்டுக் கீழ்ப்பாதியையும் அந்தக் கணக்கில் 1.7 மீட்டராக வெட்டிவிடுவார்கள். 0.66 என்பது கேபிளுக்குள் போகிற அலைக்கு. இங்கே மின்னோட்டம் ஓடுவது பின்னலின் வெளிப்புறத்தில், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சரி, கதைக்கு வருகிறேன். முதல் தடவை சோக் போடச் சோம்பல்பட்டு அப்படியே விட்டேன். இரண்டு மாதம் அந்தக் குழாயை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, எனக்கு ஒரே பெருமை. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “ஏன் சார், நீங்கள் ராத்திரி யாரிடமோ உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டிருந்தீர்களே, இப்போது தேவலையா?” என்றார். அவர் வீட்டு ஸ்பீக்கரில் என் குரல் போயிருக்கிறது! கேபிளின் வெளிப்பின்னல் வீடு வரைக்கும் ஆன்டெனாவாக வேலை செய்திருக்கிறது. கண்ணுக்கு மறைப்பது சுலபம், காட்டிக்கொடுப்பது காதுதான். சோக் போட்டேன், எஃப்எம் அனுமதி இருக்கிற சேனலில் எஃப்எம்முக்கு மாறினேன், தொல்லை நின்றது. குரலை அனுப்பும் மற்ற முறைகளான ஏஎம்மும் எஸ்எஸ்பியும் குரலுக்கேற்ப வீச்சு மாறுவதால்தான் ஸ்பீக்கருக்குள் புகுந்து பேசுகின்றன. எஃப்எம்மில் வீச்சு மாறாது.

புதியவர்: எஸ்டபிள்யூஆர் எவ்வளவு இருந்தால் நல்லது?

எஸ்டபிள்யூஆர் என்பது அனுப்பிய சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு. 1.5-க்குள் இருந்தால் மறந்துவிடுங்கள், திரும்புவது 4 சதவீதம்தான். 2 வந்தாலும் 11 சதவீதம். 3 என்றால் கால்வாசி, அப்போது மட்டும் ஏறிப் பாருங்கள்.

இன்னொருவர்: எனக்கு 1.4 காட்டுகிறது, 1.1 ஆக்க என்ன செய்யலாம்?

ஒன்றும் செய்ய வேண்டாம். மேலே படியுங்கள்.

கொடி: அண்ணா, துணி காயப்போடும் கொடியையே ஆன்டெனாவாக்கினால் யாருக்குத் தெரியும்?

தெரியாதுதான். ஆனால் கொடி படுக்கையாக இருக்கும். சிபியில் பக்கத்து ஊர், சாலையில் போகிற வண்டி எல்லாம் நிமிர்ந்த ஆன்டெனா. படுக்கையும் நிமிர்வும் சந்தித்தால் ஏட்டுக்கணக்கில் 20 டெசிபெல் போகும், நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். உங்கள் ரேடியோவின் 4 வாட் எதிராளிக்கு 40 மில்லிவாட் மாதிரி.

படுக்கைக் கட்சி: இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். என் படுக்கை டைபோலில் மூவாயிரம் கிலோமீட்டர் பேசியிருக்கிறேன். நூற்றில் ஒரு பங்கு என்பதெல்லாம் பயமுறுத்தல்.

பேசியிருப்பீர்கள், நான் மறுக்கவே இல்லை. அது அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்த அலை. வருகிற வழியிலேயே அது அதிரும் திசை சுழன்றுவிடும், அங்கே படுக்கையா நிமிர்வா என்பது பெரிய விஷயமில்லை. சூரியப்புள்ளிகள் அதிகம் இருக்கிற காலத்தில் ஈர ஒயர்கூடக் கண்டம் தாண்டும். கேட்டவர் ஆறேழு கிலோமீட்டரில் இருக்கிற நண்பரிடம் பேசத்தான் ஆன்டெனா தேடுகிறார் என்று நினைத்துச் சொன்னேன்.

படுக்கைக் கட்சி: படுக்கையில் இரைச்சல் குறைவு, அதைச் சொல்லவில்லையே?

சரி, அது நியாயம். வீட்டு எல்இடி, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் இரைச்சலை நிமிர்ந்த ஆன்டெனா பல சமயம் கூடுதலாக அள்ளும்.

மூன்றாம் மாடி: கட்டடங்களில் பட்டுத் தெறிக்கும்போது 20 டெசிபெல் முழுசாகப் போகாது, இல்லையா?

போகாது. அதனால்தான் ஏட்டுக்கணக்கு என்றேன். நானே பார்த்திருக்கிறேன்: ஒரே டைபோல், ஒரே கேபிள். படுக்கையாகக் கட்டியபோது ஆறு கிலோமீட்டரில் இருக்கிற நண்பருக்கு எஸ் மீட்டர் (சிக்னலின் வலிமை காட்டுவது) முள் 2-இல் கிடந்தது. ஒரு முனையை அவிழ்த்துத் தொங்கவிட்டதும் 5. ஏறத்தாழ 18 டெசிபெல். ஒரு கயிற்றை அவிழ்த்ததற்கு! இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு வழி: கொடியை மாடியிலிருந்து தோட்டத்துக்குச் சாய்வாகக் கட்டுங்கள். 45 பாகைச் சாய்வில் இரண்டு வகைக்கும் 3 டெசிபெல்தான் நட்டம். இதோடு இந்த வழக்கை முடித்துக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தூண்டில்: மீன்பிடிக் கம்பில் ஒயரைச் சுற்றி ராத்திரி மட்டும் நிறுத்தலாமா?

நல்ல வழி, பகலில் சுருக்கி உள்ளே வைத்துவிடலாம். ஆனால் கண்ணாடி இழைக் கம்பாக இருக்க வேண்டும். கார்பன் கம்பு மின்சாரம் கடத்தும், ஆன்டெனாவையும் கெடுக்கும், இருட்டில் மின்கம்பியைத் தொட்டால் ஆளையும் கொல்லும். இருட்டில் நிறுத்துகிறவர்கள் பகலிலேயே நின்று மேலே பார்த்து வையுங்கள்.

வளையம்: மேக்னெடிக் லூப் எப்படி?

அது கண்டென்சர் வைத்து ட்யூன் செய்யும் உலோக வளையம். ஒரு மீட்டர் அகல வளையம் அறைக்குள்ளேயே வேலை செய்யும். 40 சேனலில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனால் மறுபடி ட்யூன் செய்ய வேண்டும். 4 வாட்டிலேயே கண்டென்சரில் பல நூறு வோல்ட் நிற்கும், குழந்தைகள் இருக்கிற அறையில் வேண்டாம்.

இடி: இடி இடிக்கும்போது கேபிளைக் கழற்றிக் கண்ணாடி பாட்டிலுக்குள் போட்டால் போதும் என்கிறார்களே?

மேகத்திலிருந்து தரைவரை தாவி வந்ததற்குப் பாட்டில் ஒரு தடையா? கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள், மேகம் கறுக்கும் முன்பே. பரணில் இருந்தாலும் இதேதான்.

சக்தி: ஆன்டெனா ஒளிந்திருப்பதால் சிக்னல் குறைவு. ஆம்ப்ளிஃபையர் போட்டால் சரியாகிவிடுமா?

பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். தலைக்கு மேலே பரணில் வைத்துக்கொண்டு அந்த ஆசையே வேண்டாம். எத்தனை மீட்டர் கேபிள் போட்டிருக்கிறீர்கள்? மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் இருபத்தைந்து மீட்டர் ஓடினாலே 2 டெசிபெல் அதில் போய்விடும், 4 வாட் இரண்டரை ஆகிவிடும். தடித்த ஆர்ஜி-213 போட்டால் இதில் பாதிக்கு மேல் மிச்சம்.

மற்றொருவர்: பழைய கேபிளில் எஸ்டபிள்யூஆர் 1.0, புதிய கேபிளில் 1.6. பழையதே நல்லதுதானே?

இல்லை! பழைய கேபிள் சக்தியைத் தின்கிறது, திரும்பி வருகிறதையும் தின்கிறது, மீட்டருக்கு ஒன்றும் தெரிவதில்லை. டம்மி லோடிலும் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டி, சக்தியை வெறும் சூடாக்கும் மின்தடை) 1.0தான் காட்டும், அதில் யாரோடு பேசுவீர்கள்? எஸ்டபிள்யூஆர் பற்றி இனி யாரும் கேட்காதீர்கள், ப்ளீஸ்.

கொடி: அண்ணா, சாய்வாகக் கட்டிவிட்டேன், நண்பருக்கு நன்றாகக் கேட்கிறது. இனி அதில் துணி போடலாமா?

ஈரத்துணி விழுந்தால் ட்யூன் இறங்கும். அதைவிட, நீங்கள் பட்டனை அழுத்துகிற நேரத்தில் யாராவது ஒயரின் நுனியில் கை வைத்தால் சுருக்கென்று சுட்டுவிடும், மின்னழுத்தம் உச்சத்தில் இருப்பது அங்கேதான். பக்கத்தில் நைலான் கயிறு ஒன்று கட்டி, துணியை அதில் போடுங்கள்.