பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு கேக், பாயசம்: எந்தப் பாலை எதில் ஊற்றலாம்?

வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் மகளுக்கு 8 வயது. பால் குடித்தால் வயிறு உப்பி, பேதியாகிறது. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பிறந்தநாளுக்கு முட்டையில்லாத கேக்கும் சேமியா பாயசமும் செய்ய வேண்டும். கேக் குறிப்பில் ஒரு கப் பட்டர்மில்க் என்று இருக்கிறது, நம் மோரையே ஊற்றலாமா? போன முறை பாக்கெட் பாதாம் பாலில் வெல்லப் பாயசம் வைத்தேன், தண்ணீராக நின்றது. பால்கோவாவுக்கும் ஏதாவது வழி உண்டா?"

முதலில் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அது செரிக்காமல் போவதுதான் உங்கள் மகளின் பிரச்சினை என்றால் வழி நிறைய இருக்கிறது. பால் அலர்ஜி என்பது வேறு. அது பாலின் புரதத்தால் வருவது. அந்தக் குழந்தைகளுக்குத் தயிரும் லாக்டோஸ் நீக்கிய பாலும் கூடத் தரக் கூடாது, நெய்யையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

இனி சமையல். பாலுக்குப் பதில் எதை ஊற்றலாம் என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. அந்தப் பண்டத்தில் பால் என்ன வேலை பார்க்கிறது என்று கேட்க வேண்டும். பாயசத்தில் அது கொழுப்பும் கெட்டித்தன்மையும் தருகிறது. கேக்கில் மாவைக் கரைக்கும் ஈரம் அது, பட்டர்மில்க் என்றால் கூடவே புளிப்பு. பால்கோவாவிலோ பாலே பண்டம்.

பாக்கெட் பாதாம் பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான், பாதாம் கொஞ்சம்தான். அதனால்தான் உங்கள் பாயசம் நீர்த்துப்போனது. வெல்லப் பாயசத்துக்குத் தேங்காய்ப் பாலை விடச் சிறந்தது கிடையாது, அதில் லாக்டோஸ் துளியும் இல்லை. ஒரு முற்றிய தேங்காயைத் துருவி, அரை கப் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்துப் பிழியுங்கள். இந்த முதல் பாலைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதே சக்கையில் இன்னும் இரண்டு கப் நீர் விட்டு அரைத்து இரண்டாம் பால் எடுங்கள். வறுத்த சேமியாவை இந்த இரண்டாம் பாலில் நன்றாக வேகவிட்ட பிறகே, கரைத்து வடிகட்டிய வெல்லத்தைச் சேர்க்க வேண்டும். வெல்லம் விழுந்த பிறகு சேமியா சரியாக வேகாது. ஒரு டீஸ்பூன் அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பாயசம் சேர்ந்து நிற்கும். கடைசியில் அடுப்பைச் சிறுதீயில் வைத்து முதல் பாலை ஊற்றிக் கிளறுங்கள். ஓரத்தில் சிறு குமிழி தெரிந்ததும் இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். முந்திரியை நெய்யில் வறுத்தே போடலாம். நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம்.

மற்றவர்களுக்கு மாட்டுப் பாலில் செய்வதானால், வெல்லம் போட்ட பாயசம் நன்றாக ஆறிய பிறகு, காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றுங்கள். வெல்லத்தில் உள்ள இலேசான புளிப்பு, சூட்டோடு சேரும்போதுதான் பாலைத் திரித்துவிடுகிறது.

கேக்குக்கு வருவோம். குறிப்பில் சொல்லும் பட்டர்மில்க் கெட்டியானது, புளித்தது. நாம் தாளித்துக் குடிக்கும் மோர் அதற்கு மிகவும் நீர்த்தது. முக்கால் கப் புளித்த தயிரில் கால் கப் தண்ணீர் விட்டு அடித்தால் ஏறத்தாழ அந்தப் பதம் வரும். தயிர் உறையும்போது பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால், லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்கிறது. உங்கள் மகள் தயிர்சாதம் சிக்கலில்லாமல் சாப்பிடுகிறாள் என்றால் இதுவே போதும். ஒத்துக்கொள்ளாவிட்டால் சர்க்கரை சேர்க்காத சோயா பால் எடுங்கள். கப்பில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு, மீதியைச் சோயா பாலால் நிரப்பிப் பத்து நிமிடம் வையுங்கள். மாட்டுப் பாலுக்கு நெருக்கமான அளவு புரதம் அதில் இருப்பதால் நன்றாகத் திரிந்து கெட்டியாகும். பாதாம் பால் அப்படிக் கெட்டியாகாது, ஆனால் புளிப்பு இருப்பதால் கேக் எழும்பும்.

அந்தப் புளிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். பேக்கிங் சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும். ஒரு கப் பட்டர்மில்க்குக்கு அரை டீஸ்பூன் சோடா என்பது கணக்கு. வெறும் பாலை ஊற்றிச் சோடாவை அப்படியே போட்டால் கேக் சரியாக எழும்பாது, சோப்பு வாடையும் அடிக்கும். தாவரப் பாலில் செய்த கேக் மேலே அவ்வளவாகச் சிவக்காது. நிறத்துக்காகக் காத்திருந்து காயவிடாமல், குச்சி குத்திப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

பால்கோவாவைச் சோயாவிலோ பாதாமிலோ செய்ய முயல வேண்டாம், வராது. பால் சுண்டும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது. ஒரு லிட்டரில் இருக்கும் 45 முதல் 50 கிராம் லாக்டோஸ் அப்படியே தங்கிவிடுகிறது. ஆகவே கடைப் பால்கோவா ஒரு கரண்டி கூட உங்கள் மகளுக்குத் தொந்தரவு தரலாம். பெரிய கடைகளில் லாக்டோஸ் நீக்கிய பால் கிடைக்கிறது. அதில் லாக்டோஸை நொதி விட்டு குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று உடைத்திருப்பார்கள். அந்தப் பாலைச் சுண்டவிட்டுக் கோவா கிளறலாம். இயல்பாகவே இனிப்பு கூடுதலாக இருக்கும், ஆகவே சர்க்கரையைக் குறையுங்கள். சீக்கிரம் சிவக்கும் என்பதால் அடிகனமான பாத்திரத்தில், கடைசிக் கட்டத்தில் தீயைத் தணித்து, கை எடுக்காமல் கிளறுங்கள்.