ஆட்டு மண்டையோடு: சுத்தம் செய்வதும் வெளுப்பதும் (கேள்வி பதில்)

வீட்டிலேயே விலங்கு மண்டையோட்டைச் சுத்தம் செய்வது பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது ஆட்டுத் தலை என்பதால் பதில்களும் அதைச் சுற்றியே இருக்கும்.

அண்ணா, நான் ஓவியம் படிக்கிறேன். வரைந்து பழக ஒரு ஆட்டு மண்டையோடு வேண்டும். கறிக்கடையில் என்ன சொல்லி வாங்குவது? (மதுரை)

நல்ல இடத்தில் ஆரம்பிக்கிறீர்கள். சும்மா தலை கேட்டால் தீயில் வாட்டி, மண்டையைப் பிளந்து, மூளையைத் தனியாக எடுத்துக் கொடுப்பார்கள். தலைக்கறிக்கு அது சரி, உங்களுக்கு ஆகாது. வாட்டிய தலையில் பற்கள் சூட்டில் விரிசல் விட்டிருக்கும், மூக்கெலும்பின் நுனி கருகியிருக்கும். "முழுத் தலையா வேணும், வாட்ட வேண்டாம், உடைக்க வேண்டாம், தோலை மட்டும் உரிச்சுக் குடுங்க" என்று முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

சார், குக்கரில் நாலு விசில் விட்டால் கறி தானே கழன்றுவிடாதா?

கழன்றுவிடும், மண்டையோடும் சேர்ந்து கெட்டுவிடும். கொதிக்கும்போது உருகும் கொழுப்பு எலும்புக்குள் இறங்கும். மூக்கினுள் காகிதம் போல மடிந்திருக்கும் மெல்லிய எலும்புகள் நொறுங்கும். கடைக்கு வருவது பெரும்பாலும் இளம் ஆடு. அதன் மண்டையெலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று இறுகிச் சேர்ந்திருக்காது, அதனால் பொருத்துக்கள் விட்டுப் பிரியும்.

பச்சைத் தண்ணீர் போதும். கத்தியால் எடுக்க முடிந்த கறியை எடுத்துவிட்டு, தலையை பிளாஸ்டிக் வாளியில் முழுக மூழ்கவைத்து, மொட்டைமாடியில் ஒரு ஓரமாக வையுங்கள். மீதியை பாக்டீரியா பார்த்துக்கொள்ளும். நம் ஊர் வெயில் இதற்கு வரம். சாதாரணமாக மூன்று நான்கு வாரத்தில் எலும்பு வெளியே தெரியும். சில நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். முழுவதும் கொட்டினால் வேலை செய்யும் பாக்டீரியாவும் போய்விடும். நாற்றம் கடுமையாக இருக்கும், அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவது நல்லது. வாளியைத் துணியால் இறுகக் கட்டி மூடுங்கள், இல்லாவிட்டால் கொசு வளர்ப்பதாகிவிடும். மூளை கரைந்ததும் பின்மண்டை ஓட்டையில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் வந்துவிடும். கையுறை கட்டாயம்.

வாளியில் ஊறிய தலையை எடுத்துப் பார்த்தேன். மேலே முன்பற்கள் ஒன்றுகூட இல்லை. தண்ணீரோடு கொட்டிவிட்டேனா?

கவலையே வேண்டாம். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, அங்கே தடித்த ஈறு மட்டும்தான். கீழ்த்தாடையில் முன்னால் எட்டு இருக்கும். கடைவாய்ப் பற்களையும் சேர்த்து முழு வளர்ச்சியடைந்த ஆட்டுக்கு 32. அந்த எட்டைத்தான் நீங்கள் எண்ணவேண்டும், அவை ஊறினால் எளிதில் கழன்று விழும். தண்ணீரை எப்போதும் வடிகட்டியில் ஊற்றுங்கள். காய்ந்தபின் ஃபெவிகால் வைத்து ஒட்டலாம்.

கொம்பையும் சேர்த்தே ஊறவைக்கலாமா?

தாராளமாக. கொம்பின் வெளிக்கூடு நகத்தைப் போன்ற பொருள், உள்ளே எலும்புத் தண்டு இருக்கிறது. ஊறியபின் லேசாகத் திருகினால் கூடு கழன்று வரும். உள்ளே கழுவி நிழலில் காயவையுங்கள். வெளுப்பு மருந்தில் மட்டும் போடாதீர்கள், கருப்பு நிறம் போய்விடும்.

பிளீச்சிங் பவுடர் போட்டேன். முதலில் வெள்ளையானது, இப்போது தொட்டால் சுண்ணாம்பாக உதிர்கிறது. ஏன்? (சேலம்)

எலும்பைக் கட்டிப் பிடித்திருக்கும் புரதத்தை அது கரைத்துவிடும். கழுவியபின்னும் உள்ளே தங்கியது தின்றுகொண்டே இருக்கும். பல முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மெல்லப் பூசினால் இருப்பதையாவது காப்பாற்றலாம்.

அப்படியானால் எதில் வெளுப்பது? ஹைட்ரஜன் பெராக்சைடில் வைத்தும் என்னுடையது மஞ்சளாகவே இருக்கிறது.

பெராக்சைடு சரியான மருந்துதான். மஞ்சள் போகாததற்குக் காரணம் கொழுப்பு. இதைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. கறை ஒளி ஊடுருவுவது போலப் பளபளத்தால், தொட்டால் பிசுக்கென்று இருந்தால், அது எண்ணெய். அதன்மேல் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் பலனில்லை. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு திமிங்கில அருங்காட்சியகத்தில் 1998இல் இறந்த ஒரு நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. காட்சிக்கு வைத்துப் பல ஆண்டுகள் கழித்தும் அதிலிருந்து எண்ணெய் சொட்டியது, அதைப் பிடிக்கக் குடுவை கட்டி வைத்தார்கள். எலும்பு எண்ணெயை அவ்வளவு எளிதில் விடாது.

ஆகவே பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து ஊறவையுங்கள். தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள். கலங்காமல் நிற்கும்வரை தொடருங்கள், சில வாரம் ஆகலாம். பன்றி மண்டை என்றால் மாதக்கணக்கும் ஆகும்.

அப்புறம்தான் பெராக்சைடு. மருந்துக்கடையில் 6 சதவீதம் கிடைக்கும், சமபங்கு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம். பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஒருநாள் ஊறட்டும். மூடியை இறுக்காதீர்கள், ஆக்சிஜன் வாயு வெளியேற வழி வேண்டும். எலும்பு காய்ந்தபின்தான் அதன் உண்மையான நிறம் தெரியும், எனவே ஈரத்தில் பார்த்துவிட்டு இன்னொரு நாள் நீட்டாதீர்கள். சுத்தமான எலும்பு லேசான தந்த நிறத்தில்தான் இருக்கும், அதுதான் அழகு. காயவைப்பதும் நிழலில். சுள்ளென்ற வெயிலில் பற்கள் பிளக்கும்.

அருங்காட்சியகங்களில் வண்டு விட்டுச் சுத்தம் செய்வார்களாமே? வீட்டில் வளர்க்கலாமா?

கருவாட்டை அரிக்கும் வண்டும் அந்த வகைதான். காய்ந்த தசையை எலும்பு சேதமாகாமல் தின்னும், உண்மையிலேயே அருமையான வேலைக்காரன். ஆனால் வீட்டில் தப்பினால் தோல் செருப்பு, கம்பளி, கருவாட்டுப் பானை எதையும் விடாது. வேண்டாம்.

ஐயா, எங்கள் தோட்டத்தில் ஒரு மாடு திடீரென்று செத்துக் கிடக்கிறது. தலையை எடுத்துக்கொள்ளட்டுமா? காட்டோரம் ஒரு மான் மண்டையும் கிடக்கிறது. (ஈரோடு)

இரண்டையும் தொடாதீர்கள். நோய் தெரியாமல் திடீரென்று செத்த மாட்டில், மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் கசிந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அறுத்தால் அதன் வித்துக்கள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், மனிதருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். மான் விஷயம் சட்டம் சம்பந்தப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தானாகச் செத்துக் கிடந்த மானும் அரசின் சொத்து. மண்டையோடு, கொம்பு எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, வனத்துறைக்குத் தகவல் சொன்னால் போதும். கறிக்கடை ஆட்டுத் தலையில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, அடுத்த வாரம் அதையே வாங்கி ஆரம்பியுங்கள்.