ஒரே கேபிளில் இரண்டு ஃபிளாப்பி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காயலாங்கடையில் ஒரு பழைய 386 பிசி கிடைத்தது. ஐந்தேகால் இஞ்ச் ஃபிளாப்பி டிரைவ் ஒன்று, மூன்றரை இஞ்ச் ஒன்று மாட்டினேன். ஒன்றுக்கு முதல் ஜம்பர் (டிரைவுக்கு எண் கொடுக்கும் சின்னச் செருகி), இன்னொன்றுக்கு இரண்டாவது ஜம்பர். பி டிரைவைக் கூப்பிட்டால் இரண்டு லைட்டும் எரிகிறது. ஏ எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. (தண்டையார்பேட்டை)

கணக்காக யோசித்ததால்தான் மாட்டிக்கொண்டீர்கள். ஜம்பரை விடுங்கள், கேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள். மொத்தம் 34 கம்பி. நடுக் கனெக்டரைத் தாண்டியதும் 10 முதல் 16 வரை ஏழு கம்பிகளை மட்டும் தனியாகப் பிரித்து, ஒரு புரட்டுப் புரட்டிக் கடைசிக் கனெக்டரில் அடித்திருப்பார்கள். முறுக்குக்கு அப்பால் இருப்பது ஏ, இப்பால் இருப்பது பி. அவ்வளவுதான். எல்லா டிரைவுக்கும் ஜம்பரை ஒரே இடத்தில் வைத்தால் போதும் என்பதற்காக ஐபிஎம் செய்த வேலை இது.

அதனால் இரண்டு டிரைவிலும் *இரண்டாவது* ஜம்பரையே வையுங்கள். போர்டில் 0, 1, 2, 3 என்று அச்சிட்டிருந்தால் அது 1. 1, 2, 3, 4 என்றிருந்தால் 2. கடைசி டிரைவில் முதல் ஜம்பர் வைத்தால், முறுக்கின் வழியாக பி-யின் மோட்டார் கம்பி அங்கே போய்ச் சேருகிறது. பி சுற்றும்போதெல்லாம் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அதுவும் எழுந்து நிற்கிறது. உங்கள் இரண்டு லைட்டுக்குக் காரணம் இதுதான்.

தங்கசாலைப் பக்கம் ஒரு அச்சகத்தில் இதே கோளாறுக்கு மூன்று டிரைவை மாற்றிப் பார்த்து ஒரு பகலை விட்டவன் நான். கேபிளைக் குனிந்து பார்த்தது சாயங்காலம் டீ வந்த பிறகு.

இன்னொன்று: ஐந்தேகால் இஞ்ச் டிரைவில் ஜம்பர் பக்கத்திலேயே ஐசி மாதிரி ஒரு ரெசிஸ்டர் கட்டை சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். அது டெர்மினேட்டர், கேபிளின் நுனியில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுப்பது. கேபிளின் கடைசி டிரைவில் மட்டும் இருக்கட்டும். நடுவில் இருக்கும் டிரைவிலிருந்து பிடுங்கி ஒரு கவரில் போட்டு வையுங்கள், தொலைத்துவிடாதீர்கள்.

பிசியைப் போட்டதிலிருந்து டிரைவ் லைட் அணையவே இல்லை. (ராயபுரம்)

கேபிள் தலைகீழ். சிவப்புக் கோடு ஒன்றாம் பின் பக்கம் வரவேண்டும். திருப்பி மாட்டுங்கள்; பெரும்பாலும் ஒன்றும் கெட்டிருக்காது. கரன்ட் கனெக்டரில் மட்டும் அசட்டை வேண்டாம். மூன்றரை இஞ்ச் டிரைவின் சின்னக் கனெக்டர் தலைகீழாக உட்கார்ந்தால், 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய்விடலாம். அதோடு கதை முடிந்தது.

டிஸ்க்கை மாற்றினாலும் பழைய டிஸ்க்கின் ஃபைல் பட்டியலே வருகிறது. (பெரம்பூர்)

முதலில் ஒன்று: அந்த டிரைவில் எதையும் எழுதாதீர்கள். பழைய டிஸ்க்கின் கணக்கைப் புது டிஸ்க்கின் மேல் எழுதி இரண்டையும் குழப்பிவிடும். டிஸ்க் மாறியதைச் சொல்லும் செய்தி 34-ஆம் கம்பியில் போகிறது. சிவப்புக் கோட்டுக்கு நேர் எதிர் ஓரத்துக் கம்பி அது. கேபிளை மடித்து மடித்துத் திணிக்கும்போது முதலில் அறுந்துபோவது ஓரம்தான். கேபிளை மாற்றியும் சரியாகவில்லை என்றால், டிரைவ் வேறு ஏதோ கம்ப்யூட்டருக்காகச் செய்ததாக இருக்கலாம். அமிகா போன்றவற்றில் அதே பின் 'ரெடி' சிக்னலுக்கானது. சில டிரைவ்களில் அதை மாற்ற ஜம்பர் உண்டு.

நான்கு டிரைவ் மாட்ட முடியுமா? (கொருக்குப்பேட்டை)

1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் ஃபிளாப்பி கார்டே நான்கைத் தாங்கியது: உள்ளே இரண்டு, பின்பக்கம் 37 பின் சாக்கெட் வழியாக வெளியே இரண்டு. பிற்காலத்து மதர்போர்டுகள் இரண்டோடு நிறுத்திக்கொண்டன, கடைசியில் வந்தவை ஒன்றோடு. நான்கைத் தாங்கும் கார்டு கிடைத்தால், டாஸின் (அந்தக் கால இயக்க மென்பொருள்) கான்ஃபிக் கோப்பில் டிரைவர்.சிஸ் வரியைச் சேர்த்து மூன்றாவது டிரைவுக்கு எண் 2 கொடுங்கள் (எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது). 1.44 எம்பி என்றால் வகை எண் 7. ஹார்ட் டிஸ்க் சி-யை எடுத்துக்கொண்டுவிட்டதால் இதற்கு டி-யோ இ-யோ கிடைக்கும். ஆசைக்குச் செய்யலாம். வேலைக்கு இரண்டு போதும் என்பது என் எண்ணம்.

1.2 எம்பி டிரைவில் எழுதிய 360 கேபி டிஸ்க்கை என் பழைய எக்ஸ்டி (386-க்கு முந்தைய ஐபிஎம் பிசி) படிக்கவில்லை. (வியாசர்பாடி)

பழைய டிரைவ் ஒரு பக்கத்தில் 40 டிராக் (வட்டக் கோடு) போடும், 1.2 எம்பி டிரைவ் 80. ஆகவே அதன் ஹெட் (படித்து எழுதும் முனை) போடும் கோடு பாதி அகலம்தான். ஏற்கெனவே எழுதிய டிஸ்க்கில் அது மேலெழுதினால் நடுவில் மட்டும் புதுசு, இரண்டு ஓரத்திலும் பழசு. எக்ஸ்டியின் அகலமான ஹெட் இரண்டையும் சேர்த்துக் கேட்டுத் திணறுகிறது. 1.2-இல் படிக்கலாம், எழுதவேண்டாம். எழுதியே ஆகவேண்டுமென்றால் இதுவரை எந்த டிரைவிலும் ஃபார்மேட் ஆகாத டிஸ்க்கை எடுத்து, அதிலேயே ஃபார்மேட் செய்து எழுதுங்கள்.

அப்பாவின் பழைய கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் ஒரு பெட்டி டிஸ்க்கில் இருக்கின்றன. போட்டுப் பார்க்கலாமா? (எண்ணூர்)

உப்புக்காற்றில் இருந்த பெட்டி, அவசரம் வேண்டாம். உலோக மூடியை விரலால் ஒதுக்கி, பின்பக்கத்து வட்டத்தைச் சுற்றியபடி விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். பழுப்புப் பரப்பு ஒரே மாதிரி மின்னினால் போடலாம். வெள்ளைப் பொட்டோ, மங்கலான வளையமோ தெரிந்தால் பூஞ்சை. அதைப் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த டிஸ்க்கையும் கீறிவிடும். அப்படிப்பட்டதைத் தனியாக எடுத்து வையுங்கள். நல்லவற்றின் எழுதாமல் தடுக்கும் ஓட்டையைத் திறந்துவிட்டுக் காப்பி எடுங்கள். நாலைந்து டிஸ்க்குக்கு ஒருமுறை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஹெட்டைத் துடையுங்கள். குச்சி பழுப்பாக வந்தால் கடைசியாகப் போட்ட டிஸ்க்கை இன்னொரு தடவை விளக்கில் பாருங்கள்.