மூன்று சக்கர பைக்: முன்னால் இரண்டா, பின்னால் இரண்டா?

"இருபது வருஷமாக பைக் ஓட்டுகிறேன், இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது, சிக்னலில் காலூன்றி வண்டியைத் தாங்க முடியவில்லை, மூன்று சக்கர பைக்குக்கு மாறலாம் என்றிருக்கிறேன், முன்னால் இரண்டு சக்கரம் இருப்பது நல்லதா, பின்னால் இரண்டு இருப்பது நல்லதா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குப் பிரச்சினை இடுப்பில். மற்றபடி இதே கேள்வியோடு ஒரு வருஷம் அலைந்திருக்கிறேன், கிடைத்த வண்டியை எல்லாம் கெஞ்சி வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் புரிந்தது என்னவென்றால், முன்னா பின்னா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, வளைவில் இந்த வண்டி சாயுமா சாயாதா என்பதுதான். சாயாத வண்டி என்றால் கையும் காலும் இத்தனை வருஷம் பழகியதை மறக்க வேண்டும். சாயும் வண்டி என்றால் பழக்கம் அப்படியே கைகொடுக்கும், ஆனால் நிறுத்தினால் அதுவும் பைக் மாதிரியே கீழே விழும். மூன்று சக்கரம் இருந்துமா விழும் என்று கேட்பீர்கள். விழும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் முதலில் ஓட்டியது முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு உள்ள சாயாத வண்டி, ஒரு நண்பருடையது. பைக்கில் இடப்பக்கம் திரும்ப நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பார்த்திருக்க மாட்டோம். இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுகிறோம், அதாவது ஹேண்டில்பார் ஒரு கணம் வலப்பக்கம் திரும்புகிறது, அதனால் வண்டி இடப்பக்கம் சாய்கிறது, சாய்ந்ததும் திரும்புகிறது. இதெல்லாம் மூளைக்குத் தெரியாமல் கையே செய்வது. சாயாத வண்டியில் அதே கை அதே வேலையைச் செய்தால் என்ன ஆகும்? ஹேண்டில்பார் வலப்பக்கம் திரும்பினால் வண்டியும் வலப்பக்கம் போகும், அவ்வளவுதான். முதல் இடது வளைவில் நான் நேராக வலப்பக்கப் புதரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன். பயத்தில் இன்னும் அழுத்தித் தள்ள, இன்னும் வலப்பக்கம் போனது. வேகம் குறைவு என்பதால் தப்பித்தேன்.

அதைவிட மோசம் நிறுத்தும்போது நடந்தது. வேகம் குறைந்ததும் பழக்கதோஷத்தில் இடது காலைக் கீழே வைத்தேன். வண்டி இன்னும் உருண்டுகொண்டிருந்தது. பின்சக்கரம் மெதுவாக வந்து என் ஷூவின் குதிகாலைக் கவ்வியது, ஒரு கனமான ஆள் பின்னாலிருந்து மிதிக்கிற மாதிரி. பின்னால் நடந்து வந்த நண்பர் "டேய், காலைத் தூக்குடா" என்று கத்தினார். தூக்கினேன், ஷூவின் பின்விளிம்பு பிய்ந்ததோடு போயிற்று. உங்களுக்கு ஏற்கெனவே முழங்கால் சரியில்லை என்பதால் இதை முதலில் சொல்கிறேன்: பின்னால் இரண்டு சக்கரம் உள்ள எந்த வண்டியிலும் ஓடும்போது கால் மிதிபலகையை விட்டு இறங்கவே கூடாது.

சரி, இப்போது முன்னா பின்னா.

முக்காலியை நினைத்துப் பாருங்கள். எப்படிப்பட்ட தரையில் போட்டாலும் ஆடாது, நாற்காலிதான் ஆடும். ஆனால் முக்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு காலுக்கு இடைப்பட்ட பக்கமாகச் சாய்ந்தால் பொத்தென்று விழுவோம். இங்கேயும் தரையைத் தொடும் மூன்று இடங்களைச் சேர்த்தால் ஒரு முக்கோணம். வண்டியின் கனமும், திருப்பத்தில் வெளியே தள்ளும் விசையும், பிரேக்கின் விசையும் சேர்ந்து எங்கே அழுத்துகிறதோ அந்த இடம் முக்கோணத்துக்குள் இருக்கும்வரை கவலையில்லை. கோட்டைத் தாண்டினால் உள்பக்கச் சக்கரம் எழும்பும், வண்டி குடைசாயும். இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனத்தின் மையம் அந்த அச்சுக்கு நேர் மேலே இருந்தால் பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் ஆதரவு. ஒற்றைச் சக்கரத்தை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரம் நகர்ந்துவிட்டால் அது 33 ஆகிறது, சரிபாதி நகர்ந்தால் 25. எந்த வடிவமானாலும் கனத்தை இரட்டைச் சக்கரத்தின் பக்கம் வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பின்னால் இரண்டு உள்ள வண்டியில் வளைவுக்குள் வேகமாகப் போய்விட்டுப் பயந்து பிரேக் அடித்தால், அழுத்தம் முன்னால் பாய்கிறது, அதாவது முக்கோணத்தின் கூர்முனைக்கு. ஆதரவு மிகக் குறைவாக இருக்கும் இடத்துக்கு, மிகத் தேவையான நேரத்தில். முன்னால் இரண்டு உள்ளதில் அதே பிரேக் அழுத்தத்தை அகலமான பக்கத்துக்குக் கொண்டுபோகிறது. அதற்கும் பலவீனம் உண்டு, வளைவில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் அழுத்தம் பின்னால் ஒற்றைச் சக்கரத்துக்குப் போகும். ஆனால் முறுக்கும் விசையை விட பிரேக்கின் விசை பெரும்பாலும் அதிகம், தவிர பயந்த மனுஷன் செய்வது பிரேக்தான், முறுக்குவதல்ல.

அப்படியானால் பின்னால் இரண்டு வைத்து ஏன் இத்தனை காலம் செய்தார்கள்? சுலபம் என்பதால். ஒற்றை முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு ஃபோர்க், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, போதும். இரண்டு முன்சக்கரம் என்றால் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தை விட அதிகமாகத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் டயர் தரையில் தேய்ந்து இழுக்கும். கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை வாங்கிய முதல் வண்டி மூன்று சக்கரத்தோடு இருந்ததற்கே இந்தச் சிக்கல்தான் காரணம், அதற்கான திருப்பும் அமைப்புக்கு அவர் காப்புரிமை வாங்கியது 1893இல். பின்னால் இரண்டு என்றால் சுமை ஏற்றவும் வசதி. ஹார்லி-டேவிட்சன் 1932இல் கொண்டுவந்த சர்வி-கார் அந்த வகைதான். பழுது பார்க்கும் கடைக்காரர் அதில் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய், அவருடைய காருக்குப் பின்னால் இந்த வண்டியைக் கொக்கி போட்டு மாட்டி, காரை ஓட்டிக்கொண்டு கடைக்குத் திரும்புவார், ஒரே ஆள் போதும். அப்புறம் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், 1973 வரை அதைத் தயாரித்தார்கள். அந்த நிறுவனத்தில் பட்டனை அழுத்திக் கிளப்பும் வசதி முதலில் வந்ததும் இந்த மூன்று சக்கர வண்டிக்குத்தான், 1964இல்.

ஹார்லியின் டிரை கிளைடு அதே வடிவத்தின் சொகுசுப் பேரன். உட்கார்ந்தால் சோபா, பின்னால் இருப்பவருக்கும் சோபா, பெட்டி நிறைய இடம், ரிவர்ஸ் வசதியும் உண்டு. இந்த வகையில் ஹேண்டில்பார் கனமாக இருக்கும், நாள் முழுக்க ஓட்டினால் தோள் வலிக்கும். அதனால்தான் பைக்கை மூன்று சக்கரமாக மாற்றுகிறவர்கள் முன் ஃபோர்க்கின் சாய்வைக் கூட்டுகிறார்கள், கூட்டினால் திருப்புவது இலகுவாகும். நிதானமாக, நீண்ட சாலையில், துணையோடு போகிறவர்களுக்கு இது சரி. வளைவு வளைவாக மலையில் ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு அல்ல.

முன்னால் இரண்டு, ஆனால் சாயாது என்றால் கேன்-ஆம் ஸ்பைடர், 2007இல் வந்தது, அதன் சின்னத் தம்பி ரைக்கர். இதை ஓட்டியபோது பைக் ஓட்டுகிற மாதிரியே இல்லை, பனிச்சறுக்கு வண்டி மாதிரி இருந்தது. அதைத் தயாரிப்பவர்கள் பனிச்சறுக்கு வண்டிக்குப் பேர்போனவர்கள் என்பதால் இதில் ஆச்சரியமில்லை. வளைவில் வண்டி சாயாது, ஆனால் நாம் வெளியே தள்ளப்படுவோம், உடம்பை உள்பக்கம் சாய்த்து ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்க வேண்டும். என் இடுப்பு அரை மணி நேரத்தில் புகார் சொல்லத் தொடங்கிவிட்டது. உள்பக்கச் சக்கரம் எழும்பப் பார்த்தால் மின்னணு அமைப்பு தானே பிரேக் பிடித்து எஞ்சினையும் அடக்கிவிடும், அது உண்மையிலேயே நிம்மதி. நின்றால் நிற்கும், காலே தேவையில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள், அதில் கை பிரேக் கிடையாது, மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து வலது காலடியில் ஒரே மிதி.

இப்போது சாயும் வகை, என் மனசு இருப்பது இங்கேதான். முன்னால் இரண்டு சக்கரம் வைத்த பியாஜியோ எம்பி3 ஸ்கூட்டர் 2006இல் வந்தபோது நானும் சிரித்தவன், அதென்ன நொண்டிக்கு ஊன்றுகோல் மாதிரி இன்னொரு சக்கரம் என்று. ஓட்டியபிறகு வாயை மூடிக்கொண்டேன். முன்னால் இணைகரம் போல நான்கு அலுமினியக் கைகள், வண்டி சாயும்போது இரண்டு சக்கரமும் சேர்ந்து சாய்கின்றன, கைக்குச் சாதாரண ஸ்கூட்டர் மாதிரியேதான் இருக்கிறது. பைக்கில் நம்மைத் தரையில் போடுவது பெரும்பாலும் முன்சக்கரம் வழுக்குவதுதான். இங்கே ஒரு சக்கரம் மணலில் ஏறி வழுக்கினாலும் அடுத்தது பிடித்துக்கொள்கிறது. ஈரச் சாலையில் ஒரு வெள்ளைக் கோட்டின் மேல் வேண்டுமென்றே பிரேக் பிடித்துப் பார்த்தேன், ஒரு சின்ன நடுக்கம், அவ்வளவுதான்.

யமஹாவின் நிகென் இதே யோசனையைப் பெரிய பைக்கில் செய்தது, 2018இல். மூன்று சிலிண்டர், 847 சிசி, ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் வெளிப்பக்கமாக இரண்டிரண்டு ஃபோர்க் குழாய், 45 டிகிரி வரை சாயும். பார்த்தால் பூச்சி மாதிரி இருக்கும், மலைச்சாலையில் அதைப் போல நம்பிக்கை தருவது வேறில்லை. ஆனால் முன்பு சொன்ன சங்கதி இங்கேதான்: நிகென் தானாக நிற்காது. 260 கிலோவுக்கு மேல் கனம், சிக்னலில் நீங்கள்தான் தாங்க வேண்டும். மூன்று சக்கரம் என்று நம்பி வாங்கினால் உங்கள் முழங்கால் முதல் நாளே பதில் சொல்லும். எம்பி3யில் சாயும் மூட்டைப் பூட்டும் பட்டன் இருக்கிறது, கிட்டத்தட்ட நிற்கும் வேகத்துக்கு வந்ததும் அழுத்தினால் வண்டி அப்படியே நிற்கும், முறுக்கினால் தானே விடுபடும். யமஹாவின் டிரைசிட்டி 300 ஸ்கூட்டரிலும் அப்படியொரு வசதி உண்டு. அதே டிரைசிட்டி 125 முதலில் வந்தபோது கிடையாது. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஐரோப்பிய விதிப்படி ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கு இடையே 460 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அது ஒரே சக்கரம் என்றுதான் கணக்கு. நிகெனில் 410, அதனால் அங்கே அது பைக். அந்த அளவைத் தாண்டும்படி அகலமாகச் செய்த எம்பி3 மூன்று சக்கர வண்டி, சில நாடுகளில் கார் உரிமத்தோடே ஓட்டலாம்.

முன்பக்கம் சாய, பின்னால் இரண்டு சக்கரமும் எஞ்சினும் சாயாமல் தரையோடு இருக்கும் வகையும் ஒன்று உண்டு, வண்டியின் நடுவே மூட்டு. பிரிட்டனின் பிஎஸ்ஏ பைக் குழுமம் 1970இல் ஏரியல் 3 என்று விட்டது, எடுபடவில்லை. அதே காப்புரிமையைப் பயன்படுத்த உரிமம் வாங்கிய ஹோண்டா 1982இல் ஜைரோ என்று செய்தது, பொருள் கொண்டுபோய்க் கொடுப்பவர்களிடம் நன்றாக ஓடியது. சின்ன வேலைக்கு அருமை, உங்கள் தேவைக்கு இல்லை. அதே ஹோண்டாவின் பலூன் டயர் வைத்த ஏடிசி வகை, மண்ணில் ஓட்டுவது, பின்னால் டிஃபரன்ஷியல் (வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) இல்லாத ஒரே அச்சு, பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். விபத்துகள் பெருகி, 1988இல் அரசோடு செய்த உடன்பாட்டின்படி அமெரிக்காவில் அந்த வகையின் விற்பனையையே நிறுத்தினார்கள்.

பைக்கின் ஒரு பக்கத்தில் சக்கரத்தோடு ஒட்டிய இருக்கைப் பெட்டி, அதுதான் சைடுகார், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது, அது தனி ஜாதி. முறுக்கினால் சைடுகார் பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் எதிர்ப்பக்கம் இழுக்கும், சைடுகார் இருக்கும் பக்கமாகத் திரும்பினால் அது எழும்பப் பார்க்கும். ஒரே வண்டிக்குள் இரண்டு சுபாவம். யூரால் என்ற சைடுகார் பைக் வைத்திருப்பவர்கள் அதைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் மாதிரி பேசுவார்கள், பேசட்டும்.

எல்லா வகைக்கும் பொதுவான ஒரு தொல்லை, பள்ளம். பைக்கில் ஒரு தடம்தான், ஒதுக்கிவிடலாம். இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே பள்ளத்தை விட்டால் ஒற்றைச் சக்கரம் அதில் நேராக இறங்கும். சாயும் வகையில் முன்சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால் கொஞ்சம் தேவலை.

நான் கடைசியில் வாங்கியது பூட்டு உள்ள, சாயும் ஸ்கூட்டர். வண்டி எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதிலேயே பூட்டிக்கொள்ளும் என்பது மட்டும் பழக ஒரு வாரம் பிடித்தது. முதல் நாள் ஒருபக்கம் சரிந்தபடி பூட்டிவிட்டு, சிக்னல் விழும்வரை கோணலாக உட்கார்ந்திருந்தேன், பக்கத்து காரில் ஒரு குழந்தை தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

உங்களுக்கு எந்த முழங்கால் என்று சொல்லவில்லையே. வலது என்றால் மிதி பிரேக் வண்டியை மறந்துவிட்டு, பூட்டும் கை பிரேக்கும் உள்ள ஸ்கூட்டரைப் பாருங்கள். இடது என்றால், கியரைக் கையாலேயே மாற்றும் சாயாத வண்டி ஒன்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், காலி மைதானத்தில், மெதுவாக.