தாத்தா போட்ட இரண்டு பெருக்கல் குறிகள்

கேள்வி: என் தாத்தா 1953 முதல் 1956 வரை இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் பொறியியல் படித்தார். 1955 மே மாதம் பாட்டிக்கு எழுதிய கடிதத்தில், "இன்று இவ்வூர் நகரசபைத் தேர்தலில் ஓட்டுப் போட்டேன். இரண்டு பெருக்கல் குறி போடச் சொன்னார்கள். சீட்டில் கட்சியின் பெயரே இல்லை, ஒருவர் பெயரோடு செருப்புக் கடைக்காரர் என்று மட்டும் இருந்தது" என்கிறார். இந்தியக் குடிமகன் அங்கே எப்படி வாக்களித்திருக்க முடியும், தாத்தா கதை விட்டிருக்கிறார் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். குடும்ப வரலாறு எழுதுகிறேன். இதை உறுதிசெய்ய வழி உண்டா?

பதில்: உங்கள் தாத்தா கதை விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டார் எந்த விவரங்களைக் கண்டு சந்தேகப்படுகிறார்களோ, அவைதான் அந்தக் கடிதத்தை நம்பவைக்கின்றன.

முதலில் உரிமை. 1949 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம், காமன்வெல்த் நாடுகளின் குடிமக்களையும் 'பிரிட்டிஷ் பிரஜை' என்ற வகையில் வைத்திருந்தது. 1950இல் இந்தியா குடியரசான பிறகும் காமன்வெல்த்தில் நீடித்ததால் அந்த நிலை மாறவில்லை. இங்கிலாந்தில் வசித்த, 21 வயது நிரம்பிய இந்தியர் வாக்காளர் பட்டியலில் சேரலாம். நகரசபைக்கும் வாக்களிக்கலாம், நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கலாம். அங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கு இன்றும் இந்த உரிமை இருக்கிறது. இங்கிருந்து படிக்கப் போகும் பிள்ளைகள் பலருக்கு அது தெரியாமல் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

மாணவர் என்பதில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. கல்லூரி ஊரில் தங்கியிருப்பது 'வசிப்பிடம்' ஆகுமா என்பதில் பதிவு அலுவலர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகே அது தெளிவானது. ஆகவே 1955இல் தாத்தாவின் பெயர் பட்டியலில் ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருந்திருக்கலாம். பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இனி அந்த இரண்டு குறிகள். 1955 மே மாதம் அங்கே இரண்டு தேர்தல்கள் வந்தன. நகரசபைத் தேர்தல் இரண்டாம் வார வாக்கில் நடந்தது. நாடாளுமன்றப் பொதுத்தேர்தல் 26ஆம் தேதி. நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு வாக்காளர் ஒரே குறிதான் போட முடியும். இரண்டு குறி என்று எழுதியிருப்பதால் அது நகரசபைத் தேர்தல்தான். கடிதத்தின் தேதியும் மாதத்தின் முன்பாதியாக இருக்கும் என்று நினைக்கிறேன், சரிபாருங்கள்.

ஏன் இரண்டு? லஃப்பரோ போன்ற நகரங்களில் கவுன்சிலரின் பதவிக்காலம் மூன்று ஆண்டு. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் விலகுவார்கள். அதனால் ஒரு வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள், அல்லது மூன்றின் மடங்கு. ஆறு பேர் உள்ள வார்டில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு இடங்களுக்குத் தேர்தல் வரும். மூன்று பேர் உள்ள வார்டாக இருந்தால், இடையில் யாராவது இறந்தோ ராஜினாமா செய்தோ காலியான இடத்தையும் சேர்த்து நடத்தியிருப்பார்கள். அப்படி நடந்தால், வென்ற இருவரில் குறைந்த வாக்கு பெற்றவருக்கு மீதமிருந்த குறுகிய காலம்தான் கிடைக்கும்.

கடிதங்களில் 'ஆல்டர்மேன்' என்ற சொல் வந்தால் குழம்ப வேண்டாம். அவர்களும் நகரசபை உறுப்பினர்கள்தான், ஆனால் அவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கவுன்சிலர்களே ஆறாண்டு காலத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள்; கவுன்சிலர் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள். சென்னை மாநகராட்சியிலும் ஒரு காலத்தில் ஆல்டர்மேன்கள் இருந்தார்கள், வீட்டில் பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம்.

செருப்புக் கடைக்காரர் விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இங்கிலாந்தின் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரை அச்சிட அனுமதி இல்லை. பெயர், முகவரி, தொழில் போன்ற ஒரு விவரிப்பு, அவ்வளவுதான். எந்தப் பெயர் எந்தக் கட்சி என்பதை வாக்காளர் வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டும். அன்று வேட்பாளரின் சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்ட நம் ஊரிலிருந்து போன இளைஞருக்கு இது விநோதமாகப் பட்டதால்தான் எழுதியிருக்கிறார். பின்னாளில் கற்பனையாகச் சேர்க்கிறவருக்கு இந்த விவரம் எளிதில் தோன்றாது.

அடுத்து, தேடும் வழி. உங்களுக்கு வேண்டியது 1955 பிப்ரவரி 16 முதல் ஓராண்டுக்குச் செல்லுபடியான வாக்காளர் பட்டியல். 1954 அக்டோபர் 10 அன்று யார் எங்கே வசித்தார்கள் என்பதே அதன் அடிப்படை. லஃப்பரோ லெஸ்டர்ஷயரில் இருக்கிறது. லெஸ்டர்ஷயர், லெஸ்டர், ரட்லண்ட் மூன்றுக்கும் பொதுவான ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பிரிட்டிஷ் நூலகத்திலும் 1947 முதலான பட்டியல்கள் முழுமையாக இருக்கின்றன.

எழுதும்போது தாத்தாவின் பெயரை மட்டும் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. நகரப் பட்டியல்கள் தெருவாரியாக, வீட்டு எண் வரிசையில் அமைந்தவை. அக்டோபர் 1954ஐ ஒட்டிய கடித உறைகளில் அனுப்புநர் முகவரியைத் தேடி எடுங்கள். வாடகை அறை என்றால் வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்பியவர் வீட்டுக்காரராக இருப்பார். தமிழ்ப் பெயர் அவர் காதில் விழுந்தபடி பதிவாகியிருக்கும். தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக முன்னால் வந்திருக்கும், எழுத்துகள் மாறியிருக்கும். வீட்டைக் கண்டுபிடித்துவிட்டால் பெயர் எவ்வளவு சிதைந்திருந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும். பெயருக்கு அருகே 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அந்தப் பதிவு உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் உரியது என்று பொருள்.

வேட்பாளர்கள் யார், எத்தனை வாக்கு என்பதற்கு 'லஃப்பரோ எக்கோ' வார இதழின் 1955 மே இதழ்களைப் பாருங்கள். இவ்வளவு சிறிய நகரின் வார்டு முடிவுகளுக்கு உள்ளூர்ப் பத்திரிகையை விட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது. சுயேச்சை என்று போட்டியிட்டவர்களில் கன்சர்வேட்டிவ் சார்புடையவர்கள் நிறைய இருந்தார்கள் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். நகரசபையின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் மே மாத ஆண்டுக் கூட்டத்தைப் பார்த்தால் புதிய கவுன்சிலர்களின் பெயர்கள் கிடைக்கும். அவர்களில் ஒரு செருப்புக் கடைக்காரர் தென்பட்டால் எனக்கும் தெரிவியுங்கள்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அவர் அன்று வாக்குச்சாவடிக்குப் போனார் என்பதற்கு அரசு ஆவணம் கிடைக்காது. உள்ளாட்சித் தேர்தலின் வாக்குச்சீட்டுகளையும், வந்தவர்களைக் குறித்த பட்டியலையும் ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு அழிப்பதே அன்றைய விதி. எனவே உங்கள் நூலில், "1955ஆம் ஆண்டுப் பட்டியலில் வாக்காளராகப் பதிவாகியிருந்தார்" என்பதற்குக் காப்பக நகலையும், "வாக்களித்தார்" என்பதற்கு அவருடைய கடிதத்தையும் தனித்தனியே ஆதாரமாகக் காட்டுங்கள். கடிதத்தை இரண்டு பக்கமும், உறையோடும் ஸ்கேன் செய்யுங்கள். அஞ்சல் முத்திரையின் தேதி தெளிவாகத் தெரிய வேண்டும்.