மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(மின்வாரியத்தில் 31 ஆண்டுகள் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்து, கணக்கீட்டாளராக ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பள்ளிக்கூடத்தில் புவி வெப்பம் பற்றிப் படித்துவிட்டு வந்து, "நம் வீட்டிலும் கார்பனைக் குறைக்கணும்" என்கிறார்கள் பிள்ளைகள். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடுகிறது. ஏ.சி. கிடையாது. எங்கே கை வைப்பது ஐயா? – வாசகி, கரூர்

பதில்: பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மீட்டர் பெட்டிக்கு முன்னால் போய் நில்லுங்கள் அம்மா. அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 இம்ப் என்றோ 1600 இம்ப் என்றோ அச்சடித்திருப்பார்கள். 3200 என்றால், அந்த விளக்கு 3,200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் ஓடிவிட்டது என்று அர்த்தம். நம் நாட்டு மின்சாரத்தைச் சராசரியாகப் பார்த்தால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. பிள்ளைகள் சொல்கிற கார்பன் இதுதான். உங்கள் 380 யூனிட்டுக்கு 266 கிலோ.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓட விடுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு நாலு மினுக்கல் வரும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற புது வகையான பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்தான் இழுக்கும் என்பதால் மூன்று நிமிடத்துக்கே ஐந்து மினுக்கல்தான். தினமும் 15 மணி நேரம் சுற்றுகிற ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சமாகும். அதாவது 28 கிலோ கரியமில வாயு. எல்லா ஃபேனையும் ஒரே நாளில் கழற்ற வேண்டியதில்லை. ஹாலிலும் படுக்கையறையிலும் ஓடுவதை முதலில் மாற்றுங்கள். எப்போதாவது சுற்றுகிற ஃபேன் பழையதாகவே இருக்கட்டும்.

அடுத்தது ஃபிரிட்ஜ். மூன்று வருடம் முன்பு என் வீட்டிலேயே கணக்கு இடித்தது. மற்றதையெல்லாம் அணைத்த பிறகும் விளக்கு மினுக்குவது நிற்கவே இல்லை. சாதாரண ஃபிரிட்ஜ் என்றால் கொஞ்ச நேரம் ஓடி, கொஞ்ச நேரம் ஓய வேண்டும். எங்களுடையது ஓயவே இல்லை. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி, மெல்ல இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கதவோரத்து ரப்பர் கேஸ்கட் ஒரு பக்கம் விறைத்து, குளிர்ச்சி இரவும் பகலும் வெளியே போய்க்கொண்டிருந்தது. ரப்பரை மாற்றிய பிறகுதான் அடங்கியது. நோட்டு இறுக்கமாகப் பிடித்து நிற்கிறதா என்று கதவின் நாலு பக்கமும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஸ்பிளிட் ஏ.சி. 2012-ல் வாங்கியது. ஒவ்வொரு கோடையிலும் கேஸ் குறைந்துவிட்டது என்று நிரப்பிவிட்டுப் போகிறார்கள். இது சகஜம்தானா சார்? – வாசகர், வேளச்சேரி

பதில்: இல்லை சார். ஏ.சி.க்குள் இருக்கிற கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருளே இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைகிறது என்றால் எங்கேயோ கசிகிறது.

அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். அந்தக் காலத்து மெஷின்களில் பெரும்பாலும் ஆர்-22 என்கிற கேஸ் இருக்கும். ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், 1,800 கிலோ கரியமில வாயு செய்கிற வேலையைச் செய்துவிடும். 700 கிராம் கசிந்தாலே 1,260 கிலோ. அது சுமார் 1,800 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். விளக்கை அணைத்து, ஃபேனை மாற்றி ஒரு குடும்பம் வருடக்கணக்கில் மிச்சம் பிடிப்பது இப்படி ஒரே கோடையில் கரைந்துவிடுகிறது. எனக்கு நிஜமாகவே மனம் பதறுகிற விஷயம் இது. புதிய மெஷின்களில் வருகிற ஆர்-32 பரவாயில்லை, ஆனாலும் அதில் ஒரு கிலோ 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

அடுத்த தடவை மெக்கானிக் வந்தால், "முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் நிரப்பலாம்" என்று சொல்லுங்கள். இணைப்பு நட்டுகளில் சோப்பு நுரை தடவினாலே குமிழ் காட்டிக்கொடுக்கும். வீடு மாற்றும்போது கேஸைத் திறந்துவிடாமல், அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இழுத்து அடைக்கச் சொல்லுங்கள். தெரிந்த மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலைதான்.

ஏ.சி.யை 26 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனையும் போடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம்.

கேள்வி: சமையல் சிலிண்டரில் மிச்சம் பிடிப்பதும் இதில் சேருமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டாயம் சேரும். 14.2 கிலோ சிலிண்டர் எரிந்து தீர்ந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு. அடுப்பு விஷயத்தில் என் மனைவி சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: பருப்பை ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் தள்ளிவிடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை உடனே அடுப்பில் ஏற்றாதீர்கள், கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. வீட்டுச் செலவு எதுவும் என் கையில் இல்லை. தினமும் 24 கிலோமீட்டர் ஸ்கூட்டியில் போய் வருகிறேன். என்னால் முடிந்தது என்ன? – வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்த ஸ்கூட்டி உங்கள் கையில்தானே இருக்கிறது அம்மா. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்குத் தினம் 1.1 கிலோ, 22 நாளுக்கு 24 கிலோ. மேலே கரூர் அம்மாவுக்கு ஒரு ஃபேனில் இரண்டு மாதம் மிச்சமாவதை நீங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதத்தில் மிச்சம் பிடிக்கலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. எல்லா நாளும் முடியாது என்றால் வாரத்தில் மூன்று நாள் போங்கள். மற்ற நாளில் ஒரு தோழியைப் பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிலக்கரியை எரிப்பது அனல் மின் நிலையம். நான் ஒருத்தன் குறைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள், நான் சங்கச் செயலாளர். – வாசகர், மதுரை

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் எரிகிற நிலக்கரியை நீங்களோ நானோ நிறுத்த முடியாது. ஆனால் எந்த நேரத்தில் மின்சாரம் கேட்கிறோம் என்பது நம்மிடம்தான் இருக்கிறது. பகலில் சூரிய மின்சாரம் நிறைய வருகிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிடும். அதே நேரத்தில்தான் ஊரே விளக்கு, டி.வி., மோட்டார் என்று எல்லாவற்றையும் போடுகிறது. அந்த இடைவெளியை அடைக்க அனல் நிலையங்கள்தான் கூடுதலாக ஓட வேண்டியிருக்கிறது.

நீங்கள் ஒருத்தர் இல்லை சார், செயலாளர் என்றால் 24 வீடு. ஐந்து எச்.பி. மோட்டார் மூன்று மணி நேரம் ஓடினால் 11 யூனிட் ஆகிவிடும். அதை மாலை ஆறு மணிக்குப் போடாமல் பகல் 11 மணிக்கு மேல் போடச் சொல்லி வாட்ச்மேனிடம் சொல்லிவிடுங்கள். துணி துவைக்கிற மெஷினையும் இஸ்திரிப் பெட்டியையும் முடிந்தவர்கள் அந்த நேரத்துக்கே மாற்றிக்கொள்ளட்டும். அப்புறம் மொட்டை மாடித் தொட்டிக்கு, தண்ணீர் நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போடுங்கள். ரீடிங் எடுக்கப் போன குடியிருப்புகளில், மேலே தண்ணீர் வழிந்து சுவரெல்லாம் பாசி பிடித்திருக்க, கீழே மோட்டார் மீட்டர் வேகமாக மினுக்கிக்கொண்டிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.