ஷயான் மக்கள் இப்போ எங்க இருக்காங்க?

கேள்வி: சார், பழைய கவ்பாய் படத்துல ஷயான்னு குதிரைல வர்ற கூட்டத்த காட்டுவாங்களே, அவங்க இப்போ இருக்காங்களா, இல்ல அழிஞ்சே போயிட்டாங்களா?

பதில்: இருக்காங்க, அதுவும் ரெண்டு இடத்துல. வடக்கு ஷயான் மக்கள் அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்துல, லேம் டியர்தான் அவங்க தலைமையிடம். தெற்கு ஷயான் ஆட்கள் ஓக்லஹோமாவுல, அரபஹோ மக்களோட சேர்ந்து ஒரே பழங்குடி அரசா இருக்காங்க. வாஷிங்டன்ல 2020ல திறந்த பழங்குடி ராணுவ வீரர்கள் நினைவுச்சின்னத்த டிசைன் பண்ண ஹார்வி பிராட் இந்த ஓக்லஹோமாக்காரர்தான், வியட்நாம் போருக்குப் போயிட்டு வந்தவர். படத்துல காட்டுறது 150 வருஷத்துக்கு முந்தின கதை, அதையே பாத்துட்டு இன்னைக்கு வேலைக்கு போயி பிள்ளைங்கள படிக்க வைக்கிற ஜனத்த இல்லவே இல்லன்னு நினைச்சுடுறோம், அது ரொம்ப வருத்தமான விஷயம்.

கேள்வி: இந்த காலத்து பசங்களுக்கு பழைய வரலாறு எல்லாம் ஞாபகம் இருக்குமா?

பதில்: கால் வலிக்க வலிக்க ஞாபகம் வச்சிருக்காங்க. 1877ல அமெரிக்க ராணுவத்துக்காரங்க வடக்கு ஆட்கள தெற்கே, இப்போ ஓக்லஹோமான்னு சொல்ற இடத்துக்கு கொண்டு போயி விட்டாங்க, அங்க காய்ச்சலும் பட்டினியும் தாங்காம மறு வருஷமே 300 பேருக்கு மேல சொந்த ஊருக்கே போறோம்னு கிளம்பிட்டாங்க. அதுல டல் நைஃப் தலைவர் கூட போனவங்கள நெப்ராஸ்காவுல ஃபோர்ட் ராபின்சன் பேரக்ஸ்ல அடைச்சு, தெற்கே திரும்ப ஒத்துக்கிற வரைக்கும் சோறு இல்ல விறகு இல்ல, கடைசில தண்ணியும் இல்லன்னுட்டாங்க. 1879 ஜனவரி 9 ராத்திரி ஜன்னல் வழியா குதிச்சு பனியில ஓடினாங்க, பொம்பளைங்க குழந்தைங்கன்னு பாக்காம 60 பேருக்கு மேல கொன்னாங்க. இப்போ ஒவ்வொரு ஜனவரியும் ஷயான் பசங்க அதே இடத்துல, அதே ராத்திரி ஆரம்பிச்சு மொன்டானா வரைக்கும் கிட்டத்தட்ட 640 கிலோமீட்டர் மாத்தி மாத்தி ஓடுறாங்க, உறைய வைக்கிற குளிர்ல, ரோட்டோரமா, கையில கொடியோட. அன்னைக்கு செத்தவங்களோட, மியூசியங்கள்ல கிடந்த எலும்புகள 1993ல போராடி வாங்கிட்டு வந்து பஸ்பிங்கிற ஊர்ல புதைச்சாங்க, ஓட்டம் அங்கதான் முடியுது.

கேள்வி: அவங்க நிலத்துல நிறைய நிலக்கரி இருக்காமே, அப்போ பணக்காரங்களா?

பதில்: இல்லைங்க. நிலக்கரி கொட்டிக் கிடக்கு, ஆனா தோண்டல. ரிசர்வேஷன்ல, அதாவது அவங்களுக்குன்னு ஒதுக்கின நிலத்துல, பாதிக்கும் மேல கம்பெனிங்களுக்கு குத்தகைக்கு போயிருந்துச்சு, 1973ல பழங்குடி கவுன்சிலே எல்லாத்தையும் ரத்து பண்ணுங்கன்னு மத்திய அரசுகிட்ட கேட்டு, பல வருஷம் விடாம நின்னு ஜெயிச்சுது. 1977ல எங்க காத்து தேசிய பூங்கா காத்து மாதிரி சுத்தமா இருக்கணும்னு சட்டப்படி அந்தஸ்தும் வாங்கிட்டாங்க, வடக்கே பக்கத்துலயே கோல்ஸ்ட்ரிப் அனல் மின் நிலையம் இருக்கிறப்போ அது பெரிய பாதுகாப்பு. ஆனா வேலை இல்லாம கஷ்டப்படுற குடும்பங்க நிறைய, அதனால தோண்டினா என்னன்னு அவங்களுக்குள்ளயே கேக்குறவங்களும் உண்டு, வயித்துப் பாட்டுக்காக கேக்குற அந்த கேள்விய நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.